மூணு சுழிக்குக் கழுதை கத்தும்

ஏ, உங்களைத்தான். போன வாரம் கல்யாண பேனர்ல 'மனமகன்'னு அடிச்சுத் தொங்கவிட்ட கூட்டம்தானே நீங்க? சிரிக்காதீங்க. எங்க மூணு சுழி, எங்க ரெண்டு சுழின்னு கேட்டா உடனே போனைத் தேடுற ஆளுங்க நாம. அதனால இது நமக்கான கதையே இல்ல, ஒண்ணாப்புக்கு. ஓரமா உக்காந்து கேட்டுக்குங்க.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். அங்க பன்னெண்டாப்புக்குக் கணக்கு எடுத்தவர் சங்கிலிப்பாண்டி சார். வராண்டாவுல அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே மீசை முளைச்ச பயலும் எந்திரிச்சு நின்னுருவான். சிரிச்சு யாரும் பாத்ததில்ல. பெரிய வகுப்புல புள்ளைங்க குறைஞ்சு போச்சு. தாளாளர் அவரை ஒண்ணாப்புக்கு மாத்தி, கையில ஒரு பெட்டி டேப்லெட்டையும் குடுத்து அனுப்பிட்டாரு.

மொத நாளே ஒரு புள்ள சார் பேண்ட்டுல மூக்கைத் தொடைச்சிட்டுப் போயிருச்சு. சார் நேரா பக்கத்து வகுப்பு எடுக்குற ஜெசிந்தாகிட்ட போயி நின்னாரு. அந்தப் பொண்ணு அவர்கிட்டயே கணக்குப் படிச்சது. சின்னப் புள்ளைங்களை மேய்க்க எனக்குக் கத்துக்குடுன்னு கேட்டாரு. அன்னையிலேர்ந்து 'ஏ ஜெசிந்தா' போயி 'டீச்சர்' ஆயிருச்சு.

டேப்லெட்டுல ஒரு விளையாட்டு. மீன் படம் வரும். கீழ ரெண்டே பொத்தான். ஒண்ணு ரெண்டு சுழி ன, இன்னொண்ணு மூணு சுழி ண. மீனுக்கு எந்தச் சுழியோ அதை அழுத்தணும். சரின்னா கைதட்டும். தப்புன்னா, "மறுபடியும் பாரு கண்ணு"ன்னு ஒரு அக்கா கொஞ்சும்.

சாருக்கு அந்த அக்காவைப் புடிக்கல. கொஞ்சுனா எவன் படிப்பான்? ஒரு ஞாயித்துக்கிழமை அக்காவைத் தூக்கிட்டு, அந்த எடத்துல கழுதை கத்துற சத்தத்தைச் சொருகிட்டாரு. தப்பா அழுத்துறவன் வெக்கப்படணும்ல.

கொஞ்ச நாள் கழிச்சு மார்க்கைத் தொறந்து பாத்தாரு. வகுப்பு மொத்தமும் முட்டை.

அன்னைக்கு மத்தியானம்தான் தாளாளர் பாக்க வர்றதா இருந்துச்சு. இந்த மார்க்கைப் பாத்தா டேப்லெட்டு வேற பள்ளிக்கூடத்துக்குப் போயிரும், சார் வீட்டுக்குப் போயிருவாரு. ரிட்டையராக இன்னும் வருசம் கெடக்கு.

ஓடிப் போயி டீச்சர்கிட்ட காட்டுனாரு. மிஷின் சரியில்ல, இல்லாட்டி பயலுக மண்டையில ஒண்ணுமில்லன்னு பொலம்புனாரு. டீச்சர் மார்க்கைப் பாத்தாங்க. அவரை வகுப்புக்குக் கூட்டிட்டுப் போயி, புள்ளைங்களுக்கு நடுவுல தரையில உக்கார வச்சாங்க.

"எல்லாத்தையும் தப்பா அழுத்திக் காட்டுங்க சார்."

"தப்பாவா?"

"ஒண்ணுகூட சரியா வரக்கூடாது."

மீன் வந்துச்சு. மூணு சுழியை அழுத்துனாரு. கழுதை கத்துச்சு. புள்ளைங்க உருண்டு பொரண்டு சிரிச்சுதுங்க. கண்ணு வந்துச்சு. ரெண்டு சுழி. மறுபடியும் கழுதை. அப்புறம் கிண்ணம் வந்துச்சு. எத்தனை வருசப் பழக்கம், விரல் தன்னால மூணு சுழிக்குப் போயிருச்சு. டேப்லெட்டு கைதட்டுச்சு.

வகுப்பே 'ச்சே'ன்னுச்சு.

இசக்கின்னு ஒரு பொடியன் சார் தொடையில தட்டிக் குடுத்தான். "பரவால்ல சார். கிண்ணத்துக்கு மூணு சுழி. அதைத் தொடக் கூடாது. தொட்டா கழுதை வராது."

சார் அவனையே பாத்தாரு.

"கண்ணை மூடிக்கிட்டு அழுத்துனா எத்தனை சரியா வரும் சார்?"ன்னு கேட்டாங்க டீச்சர்.

"பாதி வரும்," பட்டுன்னு சொன்னாரு. நிகழ்தகவு நடத்துன வாயாச்சே.

"முட்டை வாங்கணும்னா?"

"அதுக்கு எல்லாமே சரியாத் தெரிஞ்சிருக்கணும்," சார் மெதுவா சொன்னாரு.

தாளாளருக்கு இதையெல்லாம் எப்படி வெளக்குறதுன்னு கையைப் பெசைஞ்சாரு. வெளக்க வேணாம், கழுதையைத் தூக்கிச் சரியான பக்கம் கட்டுங்கன்னாங்க டீச்சர். சரியா சொல்ற புள்ளையப் பாத்துக் கழுதை கத்துனா கேவலமா இருக்காதான்னு இழுத்தாரு சார். டீச்சர் டேப்லெட்டை அவர் கையில குடுத்துட்டுத் தன் வகுப்புக்குப் போயிட்டாங்க.

மத்தியானம் தாளாளர் கேட்டுக்குள்ள வரும்போதே கழுதைச் சந்தைக்குள்ள வந்த மாதிரி இருந்துச்சாம். வேர்த்து விறுவிறுத்து வகுப்புக்கு வந்தாரு. மார்க்கைப் பாத்தாரு. அம்புட்டுப் பேரும் முழு மார்க். ஒரு டேப்லெட்டை எடுத்து ஏணிக்கு மூணு சுழியை அழுத்துனாரு. கழுதை கத்துச்சு. யாராச்சும் பாக்குறாங்களான்னு சுத்திப் பாத்துட்டு, இன்னொண்ணு அழுத்துனாரு. டேப்லெட்டும் பொழைச்சுது, சாரும் பொழைச்சாரு.

சாயங்காலம் புள்ளைங்க போனப்புறம் சாரும் டீச்சரும் டேப்லெட்டுல ஒட்டியிருந்த மிட்டாய்ப் பிசுக்கைத் தொடைச்சிட்டு இருந்தாங்க.

"ஒண்ணு புரியல டீச்சர். கைதட்டுனா மதிக்க மாட்டேங்குதுங்க. கழுதைன்னா உசுரை விடுதுங்க. நான் பயமுறுத்தத்தான் அதை வச்சேன்."

"அந்தச் சத்தத்தை எங்க புடிச்சீங்க சார்?"

சார் தொடைச்ச டேப்லெட்டையே மறுபடியும் தொடைச்சாரு.

"எங்கயும் புடிக்கல. மொட்டை மாடியில நின்னு நான்தான் கத்துனேன்."

"அது புள்ளைங்களுக்கு மொத நாளே தெரியும் சார்."