வெள்ளச்சியும் நீர்நாயின் தூண்டிலும்

ஆறு கடலில் சேரும் ஒரு கழிமுகத்தில் மடவை மீன்கள் கூட்டமாக வாழ்ந்தன. கரை நெடுக அலையாத்தி மரங்கள். அவற்றின் நடுவே ஒரு சேற்று ஓடை. நாளுக்கு இரண்டு முறை கடல் தண்ணீர் ஓடைக்குள் ஏறும். இரண்டு முறை வடியும்.

தண்ணீர் வடியும் நேரம்தான் மடவைகளுக்கு ஆபத்து. ஓடையிலிருந்து ஆற்றுக்கு அவை இறங்கி வரும்போது கொடுவா மீன் ஓடை வாயில் காத்திருக்கும். பெரிய உடம்பு, அகலமான வாய். ஒரு மடவையை மெல்லாமலே விழுங்கிவிடும். அந்தப் பக்கத்தில் அப்படிப்பட்ட கொடுவாக்கள் மூன்று இருந்தன.

ஒரு நாள் மீசையன் என்ற நீர்நாய் கரைக்கு வந்தான். மீனவர் யாரோ தொலைத்துவிட்ட தூண்டில் ஒன்று அவன் கையில் இருந்தது. நீளமான நைலான் நரம்பு, நுனியில் வளைந்த முள்.

அவன் மடவைகளின் தலைவன் சிங்காரத்தை அழைத்தான்.

“உங்கள் எதிரியை நான் பிடிக்கிறேன்! ஆனால் கொடுவா செத்த இரையைத் தொடாது. உயிரோடு துள்ளுகிற மடவைதான் வேண்டும். தண்ணீர் வடியும்போதெல்லாம் ஒரு மடவையைக் கொடு!”

சிங்காரம் யாரையும் கேட்கவில்லை. கூட்டத்திடம் திரும்பி வந்து, “மூன்றே மூன்று பேர் போதும். அப்புறம் நமக்குப் பயமே இல்லை!” என்றான்.

மூன்று பேர் போனார்கள். கொடுவாக்கள் பிடிபட்டன. ஆனாலும் மீசையன் ஆள் கேட்பதை நிறுத்தவில்லை. சிங்காரமும் அனுப்புவதை நிறுத்தவில்லை. யார் போவது என்று அவனே முடிவு செய்தான். சேற்றுப் பக்கம் மேய்கிற எளிய மீன்களுக்குத்தான் முறை வந்தது. மரத்தடிக் குட்டையில் வாழ்ந்த அவன் குடும்பத்துக்கு ஒரு முறைகூட வரவில்லை.

சேற்றுப் பக்கத்தில் வெள்ளச்சி என்றொரு மடவை இருந்தாள். அவளுக்கு ஒரே தங்கை, பூவாத்தா. ஒரு நாள் காலை வெள்ளச்சி இரை தேடிப் போயிருந்தபோது, சிங்காரத்தின் ஆட்கள் வந்து பூவாத்தாவை இழுத்துப் போனார்கள்.

வெள்ளச்சி திரும்பி வந்தபோது கூட்டம் கூடியிருந்தது. சிங்காரம் பேசிக்கொண்டிருந்தான்.

“நமக்காகத் தன் உயிரைக் கொடுத்த பூவாத்தா ஒரு தியாகி! அவள் சிரித்த முகத்தோடு போனாள்!”

வெள்ளச்சி பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். “சிரித்துக்கொண்டா போனாள்?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “அக்கா அக்கா என்று கத்திக்கொண்டே போனாள்.”

வெள்ளச்சி கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தாள்.

“பொய் சொல்லாதே! என் தங்கை எதையும் கொடுக்கவில்லை. நீ பிடுங்கிக் கொடுத்தாய்!”

கூட்டம் திடுக்கிட்டது. தலைவனை ‘நீ’ என்று யாரும் அதுவரை கூப்பிட்டதில்லை.

“துக்கத்தில் பேசுகிறாய். மன்னிக்கிறேன்,” என்றான் சிங்காரம்.

“உன் மன்னிப்பை நீயே வைத்துக்கொள்! நான் கேட்பதற்குப் பதில் சொல். இங்கே மூன்று கொடுவாக்கள்தானே இருந்தன? நீர்நாய் ஒன்பதைப் பிடித்துவிட்டான். அப்புறமும் ஓடை வாயில் ஒன்று நிற்கிறதே, அது எங்கிருந்து வந்தது?”

“முன்பெல்லாம் கொடுவா வாரத்துக்கு ஒருவரைத் தின்றது. இப்போது நாளுக்கு இரண்டு பேரை நாமே அனுப்புகிறோம். நம்மை அதிகம் தின்றது கொடுவாவா, நீயா?”

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சிங்காரம் அதைக் கேட்டான். அது வளர்வதற்குள் நறுக்க வேண்டும் என்று நினைத்தான்.

“இவளுக்கு வீரம் அதிகமாக இருக்கிறது! சாயங்காலம் இவளே போகட்டும்!”

அவன் ஆட்கள் நாலு பக்கமும் சூழ்ந்தார்கள். வெள்ளச்சி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு துடுப்புகூட அசையவில்லை. சிங்காரத்தின் மேல் வந்த கோபத்தைவிட அந்த அமைதியின் மேல்தான் அவளுக்கு அதிகக் கோபம் வந்தது.

சாயங்காலம் தண்ணீர் வடியத் தொடங்கியது. மீசையன் வெள்ளச்சியைக் கையில் எடுத்து, முதுகுத் துடுப்புக்குக் கீழே தோலில் முள்ளைக் கோத்தான்.

“பயப்படாதே, ஆழமாகக் குத்தமாட்டேன். நீ செத்துவிட்டால் என்ன பிரயோஜனம்? நன்றாகத் துள்ளு! நீ துள்ளுகிற சத்தம் கடல்வரை கேட்க வேண்டும்.”

“கடல்வரை எதற்கு?” என்று வலியோடு கேட்டாள் வெள்ளச்சி.

மீசையன் சிரித்தான். “இங்கிருந்த மூன்று கொடுவாக்கள் இரண்டாம் நாளே தீர்ந்துபோயின. இப்போது வருவதெல்லாம் கடலிலிருந்து வருகிறது. அடிபட்ட மடவை துள்ளினால் அந்த அதிர்வைத் தேடிக்கொண்டு ஏற்றத் தண்ணீரில் வந்துவிடும்!”

“இது சிங்காரத்துக்குத் தெரியுமா?”

“தெரியாமலா? மரத்தடிக் குட்டையை நான் தொடக்கூடாது என்பதுதானே எங்கள் பேச்சு!”

அப்படிச் சொல்லிவிட்டு அவளைத் தண்ணீரில் வீசினான். நரம்பின் மறுநுனியைத் தன் முன்னங்கையில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு ஓர் அலையாத்தி வேரின் மேல் உட்கார்ந்தான். அப்படிச் சுற்றியிருந்தால்தான் கொடுவா கடிப்பது கைக்குத் தெரியும்.

வெள்ளச்சிக்கு முதுகு எரிந்தது. துள்ளினால் வலி குறையும் போல் இருந்தது. ஆனால் அவள் துள்ளவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். மீசையன் நரம்பைச் சுண்டினான். அப்போதும் அசையவில்லை.

கலங்கல் தண்ணீரில் ஒரு நிழல் நகர்ந்தது. கொடுவா! அதன் கண் சிவப்பாக மின்னியது.

“நீ ஏன் ஓடவில்லை?” என்று கேட்டது கொடுவா.

“என் முதுகைப் பார், தெரியும்!”

கொடுவா அவளைச் சுற்றி வந்தது. முள்ளைப் பார்த்தது. நரம்பைப் பார்த்தது.

“நேற்று என் துணை இந்த இடத்துக்குத்தான் வந்தது. ஒரு மடவையைக் கடித்தது. கடித்ததும் மேலே பறந்துபோனது,” என்றது மெதுவாக.

“பறக்கவில்லை. வேரின் மேல் உட்கார்ந்திருக்கிறானே, அவன் இழுத்துத் தின்றான். உன் துணை கடித்தது யாரையென்று எனக்குத் தெரியாது. என் கூட்டத்தில் யாரோ ஒருவர். இன்று காலை என் தங்கையும் இந்த முள்ளில்தான் தொங்கினாள்.”

“உன்னை விட்டுவிடச் சொல்கிறாயா?”

“இல்லை!” என்று சீறினாள் வெள்ளச்சி. “உன்னிடம் நான் எந்தத் தயவும் கேட்கவில்லை. உன்மேலும் எனக்குக் கோபம்தான். ஆனால் கடிக்கிறதென்றால் என்னைக் கடிக்காதே. நரம்பைக் கடித்து இழு! அவன் அதைக் கையில் சுற்றியிருக்கிறான்!”

கொடுவா ஒரு கணம் யோசித்தது. பிறகு அவளைத் தாண்டிப் போய் நரம்பை வாயில் கவ்வியது. வடிகிற தண்ணீரின் வேகத்தோடு தன் வேகத்தையும் சேர்த்து ஒரே பாய்ச்சல் பாய்ந்தது!

“மாட்டிக்கொண்டது!” என்று மகிழ்ச்சியில் கத்தினான் மீசையன். அடுத்த கணம் அவனே தண்ணீருக்குள் இருந்தான்.

கொடுவா விடவில்லை. சிப்பிகள் ஒட்டிய வேர்களுக்கு நடுவே அவனை இழுத்துக்கொண்டு போனது. கத்தி போன்ற சிப்பி விளிம்புகள் அவன் தோளையும் வயிற்றையும் கிழித்தன. கையில் இறுகிய நரம்பு சதையை அறுத்தது. “விடு! விடு!” என்று அலறினான்.

வெள்ளச்சியும் அந்த நரம்பிலேயே இழுபட்டாள். முள் அசையும்போதெல்லாம் உயிர் போய்விடும் போல் வலித்தது. ஆனாலும் அவள் “இழு! இன்னும் இழு!” என்றுதான் கத்தினாள்.

கொடுவாவுக்குப் பல் சிறியதுதான். ஆனால் அதன் செவுள் மூடியின் ஓரம் அரிவாள் போலக் கூர்மையானது. கடைசியில் கொடுவா உடம்பைத் திருப்பி அந்த ஓரத்தை நரம்பின் மேல் வைத்து உரசியது. நரம்பு அறுந்தது. மீசையன் ஒரு கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நொண்டி நொண்டிக் கரையேறிப் புதருக்குள் மறைந்தான்.

கொடுவா வெள்ளச்சியின் எதிரே வந்து நின்றது. “அடுத்த முறை பார்த்தால் உன்னைத் தின்பேன்,” என்றது.

“அடுத்த முறை நான் ஓடுவேன். முடிந்தால் பிடி! அது உனக்கும் எனக்கும் உள்ள விஷயம். நடுவில் யாரும் என்னைக் கட்டிப்போட்டு நிறுத்தக்கூடாது. அவ்வளவுதான்!”

கொடுவா கடலைப் பார்த்துப் போய்விட்டது.

வெள்ளச்சி முதுகில் முள்ளோடும் அறுந்த நரம்போடும் கூட்டத்துக்குத் திரும்பினாள். அங்கே சிங்காரம், “வெள்ளச்சி ஒரு தியாகி! சிரித்த முகத்தோடு…” என்று தொடங்கியிருந்தான்.

“இதோ பார் என் சிரித்த முகத்தை!”

வெள்ளச்சி நடந்ததையெல்லாம் சொன்னாள். கடலிலிருந்து கொடுவாக்கள் ஏன் வருகின்றன என்று சொன்னாள். மரத்தடிக் குட்டையைப் பற்றிய ஒப்பந்தத்தைச் சொன்னாள். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

“இவன் செய்ததற்கு இவன் பொறுப்பு. பார்த்துக்கொண்டு நின்றதற்கு நீங்கள் பொறுப்பு! நாளைக்கும் நிற்கப் போகிறீர்களா?”

முதலில் பேசியது சிங்காரத்தின் மனைவி.

“நம் பிள்ளைகள் பத்திரமாக இருப்பது அதிர்ஷ்டம் என்று நினைத்தேனே! அடுத்தவர் பிள்ளைகளைக் கொடுத்தா அதை வாங்கினீர்கள்? இனி அந்தக் குட்டையில் ஒரு நிமிஷம் இருக்கமாட்டேன்!”

அடுத்த ஏற்றத்தில் தண்ணீர் ஓடைக்குள் வந்ததும், கூட்டம் முழுவதும் நெருக்கமாகச் சேர்ந்து புறப்பட்டது. ஓடையைக் கடந்து, ஆற்றில் மேலே ஏறி, வேறோர் ஓடையைத் தேடிப் போனது. சிங்காரத்தின் மனைவியும் பிள்ளைகளும் கூடவே போனார்கள். சிங்காரத்துக்கு மட்டும் ஓடை வாயைக் கடக்கப் பயமாக இருந்தது. அதைக் கடந்து பல நாட்கள் ஆகிவிட்டன.

“நானில்லாமல் நீங்கள் பிழைக்க முடியாது! திரும்பி வருவீர்கள்!” என்று குட்டையிலிருந்தே கத்தினான்.

யாரும் திரும்பி வரவில்லை.

மூன்றாம் நாள் மீசையன் வந்தான். கை வீங்கியிருந்தது. கண்ணில் பசி. ஓடை முழுக்கத் தேடிவிட்டுக் குட்டையை எட்டிப் பார்த்தான்.

“வா மீசையா, வா!” என்று அவசரமாகச் சொன்னான் சிங்காரம். “எல்லாரும் ஓடிவிட்டார்கள், நன்றி கெட்டவர்கள்! கொஞ்சம் பொறு. வேறு மீன்களைச் சேர்த்து உனக்கு அனுப்புகிறேன். இந்தக் குட்டையைத் தொடமாட்டேன் என்று நீ சொல்லியிருக்கிறாய், ஞாபகம் இருக்கிறதா?”

“இருக்கிறது. அனுப்புவதற்கு உன்னிடம் ஆள் இருந்தபோது சொன்னது,” என்றான் மீசையன். காயம் படாத கையைக் குட்டைக்குள் விட்டான்.

புதிய ஓடையிலும் கொடுவா இருந்தது. எப்போதாவது ஒரு மடவை பிடிபட்டது. அப்போது கூட்டம் அழுதது. ஆனால் யாரும் யாரையும் பிடித்து முன்னால் தள்ளவில்லை. ஒரு கழிநண்டு வெள்ளச்சியின் முதுகிலிருந்து முள்ளை எடுத்துவிட்டது. புண் ஆறியது. பூவாத்தாவை நினைக்கும்போது வந்த கோபம் மட்டும் ஆறவே இல்லை.

தான் போகாத ஆபத்துக்குப் பிறரை அனுப்பிவிட்டு அதைத் தியாகம் என்று புகழ்கிறவன் தலைவன் அல்ல. அவனைப் பார்த்துக்கொண்டு வாய்மூடி நிற்பது பணிவும் அல்ல.