கன்ட்ரோல் பட்டனின் வாரிசு

சுடலைக்கண்ணு அண்ணாச்சியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, இடது சுண்டுவிரலுக்கு நல்லெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை அந்த விரலுக்கு வேலை இருந்தது. மூன்று மாதமாக நாங்கள் நாலு பேர் எழுதிய புரோகிராமை, அவர் கன்ட்ரோல் பட்டனை அழுத்தினால்தான் சேவ் செய்ய முடியும். விடிவதற்குள் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

அம்பாசமுத்திரத்தில் ஓர் உரக்கடை மாடியில் எங்கள் ஆபீஸ். நாலு பேருக்கும் ஒரே கம்ப்யூட்டர். புரோகிராம் எழுதப் புது எடிட்டர் போட்டுக்கொடுக்க வந்த மதுரைக்காரர் கிளம்பும்போது மூன்று விஷயம் சொன்னார். இதில் ஷார்ட்கட்டை இஷ்டம்போல மாற்றலாம், எந்தப் பட்டன் எதற்கு என்று நீங்களே பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள் என்றார். பழகிவிட்டால் மவுசைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றார். வேலை முடிந்ததும் சேவ் பண்ணுங்கள் என்றார்.

அன்று மாலையே மவுசைத் தாமிரபரணியில் போட்டோம். அப்புறம் பிரிக்க உட்கார்ந்தோம்.

கன்ட்ரோலுக்குத்தான் மற்றதெல்லாம் கட்டுப்படுகிறது என்பதால் அதை மூத்தவர் அண்ணாச்சிக்கு விட்டோம். வலது பக்கத்துக் கன்ட்ரோல் டீ கொட்டி ஏற்கெனவே செத்திருந்ததால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. எழுத்துகளில் இடது பாதி பேச்சிமுத்துவுக்கு, வலது பாதி அனஞ்சபெருமாளுக்கு. எனக்கு ஸ்பேஸ்பார். நீளமான நிலம், விளைச்சல் இல்லை. அடுத்தவன் பட்டனை அடுத்தவன் தொடக் கூடாது என்று இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

சேவ் பொதுக்காரியம், அதில் எல்லாருக்கும் பங்கு வேண்டும் என்றான் அனஞ்சபெருமாள். நியாயம்தான். பழைய ஷார்ட்கட்டை அழித்துவிட்டு, நாலு பேரும் ஆளுக்கொரு பட்டனைச் சேர்த்து அழுத்தினால்தான் சேவ் என்று மாற்றினோம். பின்னால் யாரும் திருட்டுத்தனமாக அதைத் திருத்தாமலிருக்க, ஷார்ட்கட் பட்டியலைத் திறக்கவும் கன்ட்ரோல் வேண்டும் என்று வைத்தோம்.

புரோகிராம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு. ஆவணி பிறக்குமுன் அது மண்டபத்தில் ஓடினால் தன் மகளைப் பேச்சிமுத்துவுக்குக் கொடுப்பதாக மண்டபத்து முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். பேச்சிமுத்துவுக்கு முப்பத்தெட்டு வயது. அவனுக்கு யாரும் அதுவரை அப்படியொரு வாக்குக் கொடுத்ததில்லை. கரண்டு போனாலும் புரோகிராம் போய்விடக் கூடாதென்று இரவில் யூபிஎஸ் பக்கத்திலேயே படுத்தான்.

சுடுகாட்டிலிருந்து வந்து குளித்துவிட்டுக் கீபோர்டைச் சுற்றி உட்கார்ந்தோம்.

"நான் அமுக்கட்டுமா?" என்றான் பேச்சிமுத்து.

"ஏலே, எழவு வீட்டுச் சொத்துலயா கை வைக்கப் போற?" என்றான் அனஞ்சபெருமாள். "வாரிசு இருக்குல்லா."

வாரிசுச் சான்றிதழ் கேட்டுத் தாலுகா ஆபீசுக்குப் போனோம். சொத்துக்கு நான்கெல்லை சொல்லச் சொன்னார் கிளார்க். வடக்கே ஷிஃப்ட், கிழக்கே விண்டோஸ், மேற்கும் தெற்கும் புறம்போக்கு என்றேன். அவர் எழுதி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதியதைக் கிழித்துப் போட்டார்.

அண்ணாச்சி வீட்டம்மாவிடமே கேட்டுவிடலாம் என்று போனோம். மதினி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அந்த மனுஷன் சேர்த்து வைத்த சொத்து அது ஒன்றுதான் என்றார்.

"அது எம்புள்ள முத்துச்செல்விக்குச் சீரு. அவளக் கெட்டுதவனுக்குத்தான் கன்ட்ரோலு."

திரும்பி நடந்தோம். ஆற்றுப்பாலம் வந்ததும் பேச்சிமுத்து நின்றான்.

"மண்டபத்துக்காரர் மவளக் கெட்டணும்னா சேவ் பண்ணணும். சேவ் பண்ணணும்னா முத்துச்செல்வியக் கெட்டணும். வேற வழி இருக்காவே?"

நாங்கள் இரண்டு பேரும் வெகுநேரம் யோசித்தோம். வேறு வழி தெரியவில்லை.

பதினாறு முடிந்து, ஆடி பிறக்குமுன் கோவிலில் வைத்துத் தாலி கட்டினான். மதினி ஆபீசுக்கு வந்து, பெண்பிள்ளை சொத்து பொதுவில் கிடக்கக் கூடாதென்று கொண்டை ஊசியால் கன்ட்ரோல் பட்டனை நெம்பி எடுத்து, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து மகளிடம் கொடுத்தார். முத்துச்செல்வி அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

தடை நீங்கிய சந்தோஷத்தில் பேச்சிமுத்து அவளையும் கூட்டிக்கொண்டு மண்டபத்து முதலாளி வீட்டுக்குப் போனான். அவர் புது வேட்டியைப் பார்த்தார். மஞ்சள் கயிற்றைப் பார்த்தார். இது யார் என்று கேட்டார்.

"இவ பேர்லதான் மொதலாளி கன்ட்ரோல் இருக்கு. இனிமே நம்ம கல்யாணத்துக்கு ஒரு தடையும் இல்ல."

அவர் மகளுக்கு ஆவணியிலேயே தென்காசியில் வேறு மாப்பிள்ளை அமைந்தது. பேச்சிமுத்துவுக்கு வருத்தம்தான். ஆனாலும் எடுத்த வேலையை முடிக்காமல் விடுகிறவன் இல்லை.

அதனால் வெள்ளிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு அவன் வீட்டுக்குப் போன் போடுவான். முத்துச்செல்வி விளக்கேற்றிவிட்டுப் பீரோவைத் திறந்து, தட்டில் இருக்கும் கன்ட்ரோல் பட்டனை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ம் என்பாள். அதே நொடியில் இங்கே நாங்கள் மூன்று பேரும் எங்கள் பட்டனை அழுத்துவோம்.

பதினோரு வருஷம் ஆகிறது. யூபிஎஸ் பேட்டரி நாலு தடவை மாற்றியாகிவிட்டது. புரோகிராம் திரையில்தான் இருக்கிறது.