மாடிப்படி மெட்டு

“மெட்டு அருமையா வந்திருக்கு டீச்சர். அவதான் பாட மாட்டேங்கா,” என்றார் தவமணி அண்ணாச்சி.

பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் மெட்டுப் போடக் கற்றுக்கொடுப்பவர் கிளாடிஸ் டீச்சர். அவருக்கு அண்ணாச்சியின் மகள் வயசுதான் இருக்கும். அறுபது தாண்டிய மனுஷன் ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்ததற்கு ஒரே காரணம், அவர் மனைவி ரூபியம்மா.

ஒரு காலத்தில் ரூபியம்மா சர்ச்சில் தனியாகப் பாடினால் போதகரே கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அந்தக் குரலைக் கேட்டுத்தான் அண்ணாச்சி பெண் கேட்டுப் போனார்.

பிறகு ரூபியம்மாவுக்கு மூச்சு வாங்கும் இளைப்பு நோய் வந்தது. பாட்டு நின்றுபோனது. அடுப்படியில்கூட ஒரு முணுமுணுப்பு இல்லை.

அந்த அமைதி அண்ணாச்சிக்குத் தாங்கவில்லை, பாவம். தான் சாவதற்குள் அவள் பாடி ஒரு தரமாவது கேட்டுவிட வேண்டும் அவருக்கு.

“வாசிங்க,” என்றார் டீச்சர்.

வாசித்தார். மெட்டு வளைந்து வளைந்து உச்சிக்குப் போய் அங்கேயே நின்று விளையாடியது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இது நிஜமாகவே பொன் குஞ்சுதான்.

“இப்போ வாசிச்சிக்கிட்டே பாடுங்க.”

இரண்டாவது வரியில் அண்ணாச்சிக்கு மூச்சு முட்டியது. விரல்கள் மட்டும் அதுபாட்டுக்கு ஓடின.

“பெட்டிக்கு உங்க இடது கை காத்து அடிக்கு அண்ணாச்சி. பாடுதவங்களுக்கு?”

“அந்தக் காலத்துல அவ இதைவிட நீளமா இழுப்பா. நீங்க கேட்டிருக்கணும் டீச்சர்.”

“இந்த மெட்டு யாருக்கு?”

“என் வீட்டுக்காரிக்குத்தான்.”

“எந்த வயசு வீட்டுக்காரிக்கு?”

அண்ணாச்சிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெட்டியைப் படாரென்று மூடினார். நேத்துப் பிறந்தது எனக்குப் புத்தி சொல்லுது என்று முனகினார். அது டீச்சர் காதிலும் விழுந்தது.

“அடுத்த வாரம் பெட்டி வேண்டாம். அவங்களைக் கூட்டிட்டு வாங்க.”

கூட்டிக்கொண்டுதான் வந்தார். ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் செய்வதுபோல முதலில் விறுவிறுவென்று மேலே ஏறி, அங்கே நின்றுகொண்டு “வா, வா” என்று கூப்பிட்டார்.

“கீழ போங்க அண்ணாச்சி. அவங்க கூட ஏறி வாங்க,” என்றார் டீச்சர்.

இறங்கிப் போய் மனைவியின் கையைப் பிடித்தார்.

ரூபியம்மா கொஞ்சம் ஏறினார். நின்றார். இன்னும் கொஞ்சம் ஏறினார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அண்ணாச்சியும் நின்றார்.

மேலே டீச்சர் கதவில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். ரூபியம்மா ஏறும்போது தட்டினார். நிற்கும்போது தட்டவில்லை.

பாதிப் படியில் அண்ணாச்சியின் உதடு அசைய ஆரம்பித்தது.

மேல் படியில் மனைவியை உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். பாட்டின் அதே வரிகளைத்தான் பாடினார். இப்போது மெட்டு கொஞ்சம் போய் நின்றது. இன்னும் கொஞ்சம் போய், வெகுநேரம் நின்றது.

ரூபியம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார். இரண்டாவது வரியில் அவராகவே சேர்ந்துகொண்டார். பழைய குரல் இல்லை. நூல் மாதிரி இருந்தது. ஆனாலும் அறுந்துபோகாமல் கூடவே வந்தது.

அண்ணாச்சி பாட்டை விட்டுவிட்டு அந்தக் குரலையே கேட்டுக்கொண்டிருந்தார்.

ரூபியம்மா அவர் முழங்கையை இடித்தார்.

“ஏன் நிறுத்திட்டிய? எனக்கு இன்னும் மூச்சு இருக்கு.”