மிதக்கும் சாம்பல்

அனல்மின் நிலையத்துச் சாம்பல் குளத்தின் கரையில் அங்கம்மாள் என்றொருத்தி இருந்தாள். நாற்பது வயதுதான். தண்ணீரோடு வந்து விழும் சாம்பலில் கனமானதெல்லாம் அடியில் தங்கிவிடும். கடுகைவிடச் சின்ன, உள்ளே வெறும் காற்றுள்ள மணிகள் மட்டும் வெள்ளை நுரைபோல மேலே மிதக்கும். அவற்றைத் துணிவலையால் அரித்துக் காயவைத்து, பெயிண்ட் கம்பெனிக்கு மூட்டை கட்டி அனுப்புவது அவள் பிழைப்பு. மனம் நொந்தவர்கள் தேடி வருவதும் அவளைத்தான். ஏனென்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

மாசிலாமணி அவளிடம் சீடராக வந்தபோது அவருக்கு அறுபத்தொன்று. அதே நிலையத்தில் பாய்லருக்கு நிலக்கரி தள்ளியே முப்பது வருஷத்தை ஓட்டியவர். மனைவி தையல்நாயகி போய்ச் சேர்ந்து எட்டு மாதம். பாவம், அன்றைக்கு வீட்டைப் பூட்டிய மனுஷன் திரும்பத் திறக்கவேயில்லை. கோயில் கோயிலாகச் சுற்றிவிட்டுக் கடைசியில் அங்கம்மாளின் கொட்டகையில் வந்து படுத்துக்கொண்டார்.

"உள்ள ஒரேடியா காலியா கெடக்கும்மா. எதையாவது போட்டு நிரப்பணும். வழி சொல்லுங்க."

"மொதல்ல மூட்டைய நிரப்புங்க ஐயா."

நிரப்பினார். தூக்கிப் பார்த்தவருக்குச் சங்கடமாகிவிட்டது. பார்வைக்குச் சிமென்ட் மூட்டை அளவு. கனமோ அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நிலக்கரியோடு மல்லுக்கட்டிய கைக்கு அது ஏமாற்று வேலையாகப் பட்டது. ஒரு கட்டையை எடுத்து இடித்தார். உள்ளே இறங்கியது. இன்னும் அள்ளிப் போட்டு இடித்தார். சாப்பாட்டையும் மறந்து, பொழுது சாய்வதற்குள் ஏழு மூட்டையைக் கல்லாக்கிவிட்டார். அன்று தையல்நாயகியின் நினைப்பு ஒருமுறைகூட வரவில்லை. அதில் அவருக்கு ஒரு திருப்தி.

மூட்டையைத் தைக்குமுன் ஒரு பிடி எடுத்து வாளித் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது அங்கம்மாளின் வழக்கம். போட்டாள். கொஞ்சம் மிதந்தது. மிச்சமெல்லாம் கலங்கி அடிக்குப் போனது.

"என்னம்மா ஆச்சு?"

"இடிச்சதுல ஒடைஞ்சுடுச்சு."

"ஒடைஞ்சா ஏன் முழுகணும்? அதே மணிதானே?"

"உள்ள தண்ணி நிரம்பிடுச்சுங்க ஐயா."

மாசிலாமணி வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழும் போச்சா?"

"போச்சு."

திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் வாளியைக் கவிழ்த்துவிட்டுக் கை கழுவப் போனாள். அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. எட்டு மாதமாக வராத அழுகை வந்தது. அங்கம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அழுது முடியும்வரை இருந்தாள்.

இடுப்பில் செருகியிருந்த சாவியை அவர் தடவிப் பார்த்தார்.

"அவ இல்லாத வீடும்மா அது."

"தெரியுங்க ஐயா," என்றாள் அவள். "நாளைக்கு வேலைக்கு அங்கேயிருந்து வாங்க."