டாக்டரம்மா கேட்ட வாய்

வெங்கலப்பட்டி சமையல் கோஷ்டிக்குக் கைப்பக்குவம் அமிர்தம்தான். மூளை விஷயத்தில்தான் ஆண்டவன் கொஞ்சம் கையைச் சுருக்கிவிட்டான். தலைவர் மாசிலாமணி. ஊராருக்கெல்லாம் கல்யாணச் சமையல் செய்தே கிழவராகி, தனக்கொரு கல்யாணம் செய்துகொள்ள மறந்துபோன மனுஷன். சொந்தப் பல் ஒன்றுகூடக் கிடையாது. பல் செட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவில் எந்நேரமும் புகையிலை. சீடர்கள் மூன்று பேர்: தொந்தியப்பன், சூடாமணி, குழந்தைவேலு.

கொஞ்ச நாளாகக் கோஷ்டியின் சாம்பாரில் காரமே இல்லை. ருசி பார்க்கும்போது மாசிலாமணி அண்ணனுக்குக் கன்னத்துக்குள் ஒரு புண் எரிகிறதாம். அதற்காக மிளகாயைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் போடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

பந்தியில் உட்கார்ந்த ஒரு நர்ஸம்மா, சாம்பார் ஏன் சப்பென்று இருக்கிறது என்று கேட்டு, காரணம் தெரிந்ததும் சத்தம் போட்டார். "வாரக்கணக்கா ஆறாத புண்ணா? புற்றுநோயா இருந்தா என்ன செய்வீங்க? உடனே பல் டாக்டர்கிட்ட காட்டுங்க!"

அண்ணன் போய்விட்டால் யார் உப்புப் பார்ப்பது என்று சீடர்கள் ஓவென்று அழுதார்கள். அழுது முடித்து ஆலோசித்தார்கள்.

"பல் டாக்டர் பல்லைத்தானே பார்ப்பாங்க?" என்றான் தொந்தியப்பன்.

"அண்ணனுக்குத்தான் பல்லே இல்லையே," என்றான் சூடாமணி.

"பல் செட்டு இருக்குல்ல? அது போயிட்டு வரட்டும். அண்ணன் எதுக்கு வீணா அலையணும்?" என்றான் குழந்தைவேலு.

பல் செட்டைத் தூக்குவாளியில் வைத்தார்கள். வழியில் அதற்குப் பசிக்குமே என்று இட்லியும் வைத்தார்கள்.

டாக்டரம்மா தூக்குவாளியைப் பார்த்தார், மூவரையும் பார்த்தார். "ஏய்யா, புண்ணு பல் செட்டுலயா வந்துச்சு? பல் இல்லாதவங்களும் வருஷா வருஷம் வாயைக் காட்டணும். ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சா காப்பாத்திடலாம். போய் அவர் வாயைக் கொண்டு வாங்க!"

மறுபடி ஆலோசனை.

"வாயை மட்டும்தான் கேட்டாங்க. மூக்கையும் காதையும் கேக்கலை."

"கேக்காததைக் கொண்டுபோறது மரியாதையா?"

"மிச்சத்தை மூடிடுவோம்."

மாசிலாமணியைத் தலையிலிருந்து கால்வரை வேட்டியால் சுற்றி, வாய்க்கு மட்டும் ஓட்டை போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். எதிரே வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். பிணம் தும்மியதும் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள்.

டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்து, துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் சொன்னார்: "புற்றுநோய்தான். ஆனா ஆரம்பம். அந்த இடத்தை மட்டும் எடுத்துட்டாப் போதும். இன்னும் தள்ளிப்போட்டிருந்தா தாடையே போயிருக்கும்." மாசிலாமணி தேம்பித் தேம்பி அழுதார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. புகையிலை குப்பைக்குப் போனது. சாம்பாருக்குக் காரம் திரும்பியது. முதல் கரண்டியை நாக்கில் விட்டதும், "எரியலைடா!" என்று மாசிலாமணி குழந்தைபோல் குதித்தார்.

"வலி இல்லேன்னாலும் சொன்ன தேதிக்கு வாயைக் கொண்டு வரணும்," என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்தத் தேதியில் ஒரு கல்யாணம். விடியற்காலையில் மாசிலாமணி குளிக்கப் போயிருந்தார். மண்டபத்து மூலையில் ஒருவர் மூக்குவரை துண்டால் மூடி, வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சீடர்கள் அப்படியே சுற்றித் தூக்கினார்கள்.

டாக்டரம்மா டார்ச் அடித்தார். "இது யார் வாய்? வரிசையாப் பல்லு இருக்கே!"

சூடாமணி கையெடுத்துக் கும்பிட்டான். "தாயே! புண்ணை எடுத்த வாயில பல்லே முளைக்க வச்சுட்டீங்களே!"

வேட்டிக்குள்ளிருந்து வாய் அலறியது. "அடப்பாவிகளா, நான் மாப்பிள்ளையோட அப்பா! அங்க என் மகன் தாலி கட்டப்போறான்டா!"

குழந்தைவேலு தடாலென்று டாக்டரம்மா காலில் விழுந்தான். "கல்யாணமே ஆகாத அண்ணனுக்கு மகன் பொறந்து, வளர்ந்து, தாலி கட்டுற வரைக்கும் வந்தாச்சா! தாயே, எங்க மூணு பேர் வாயையும் கொஞ்சம் பாருங்க!"