நாற்பது துண்டு மௌனம்

எங்கள் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் மக்கள் தொடர்பியல் படித்த மூன்று பேரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பாசம் பொங்கும். இசக்கியப்பன், பிலோமினா, சுடலைமணி. சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளைகள்.

வளாக வானொலி அவர்கள் கையில்தான். "ரேடியோவுல மூணு செகண்டுக்கு மேல சத்தம் நிக்கக் கூடாது. நின்னா மூணு பேருக்கும் செய்முறைத் தேர்வுல முட்டைதான்" என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் விமானம் ஏறிவிட்டார்.

அன்றைக்கென்று பார்த்துப் பழைய துணைவேந்தர் காலமானார். பதிவாளரிடமிருந்து தாள் வந்தது: 'காலை பத்து மணிக்கு வானொலியில் இரண்டு நிமிட மௌன அஞ்சலி ஒலிபரப்ப வேண்டும். மைதானத்தில் எல்லோரும் ஒலிபெருக்கி வழியாகக் கேட்பார்கள்.'

இரண்டு நிமிடம் சத்தம் நின்றால் மூவருக்கும் முட்டையாச்சே? பேராசிரியருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை.

இசக்கியப்பன் கணக்கில் புலி. "நூத்தி இருபது செகண்டு. மூணு மூணா நறுக்குனா நாப்பது துண்டு. நடுவுல நடுவுல அறிவிப்பு. சார் சொன்னதும் ஆச்சு, பதிவாளர் சொன்னதும் ஆச்சு."

"சரி, மௌனம் யாரு பண்ணுறது?" என்றான் சுடலைமணி.

"பிலோமினாதான். அவளுக்குத்தான நல்ல குரல்?"

"எனக்குத் தொண்டை கட்டியிருக்குலா," என்றாள் பிலோமினா. "மௌனம் கரகரன்னு வந்துரும்."

நியாயம்தானே? ஆளுக்கொரு தடவை மைக் முன்னால் மௌனமாக இருந்து பார்த்தார்கள். சுடலைமணியின் மௌனம் கணீரென்று இருந்ததாக முடிவானது.

பத்து மணி. மைதானத்தில் நானூறு பேர் தலைகுனிந்து நின்றார்கள்.

"வணக்கம். மௌனம், பகுதி ஒன்று. வழங்குபவர் சுடலைமணி."

மூன்று செகண்டு போனது.

"இதுவரை நீங்கள் கேட்டது பகுதி ஒன்று. தொடர்வது பகுதி இரண்டு."

நானூறு தலைகளும் நிமிர்ந்தன, மறுபடி குனிந்தன.

பதினெட்டாம் பகுதி முடிந்ததும் கரண்ட் போய்விட்டது. மைதானம் கப்சிப். பாவம், அந்தப் பெரியவருக்கு அப்போதுதான் உருப்படியாக ஓர் அஞ்சலி கிடைத்தது.

"ஏலே, செகண்டு ஓடுது! ஒண்ணு, ரெண்டு..." என்று அலறினான் இசக்கியப்பன். மூவரும் "மௌனம், பகுதி பத்தொன்பது! மௌனம், பகுதி இருபது!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே மைதானத்துக்கு ஓடினார்கள்.

பதிவாளருக்கு முகம் சிவந்துவிட்டது. "யாருடா நீங்க? வாய மூடுங்கடா!"

இசக்கியப்பன் பவ்யமாக அவர் காதருகே குனிந்தான். "சார், கொஞ்சம் சத்தம் போடாம இருங்க. பின்னாடி நிக்கவங்களுக்கு மௌனம் கேக்க மாட்டேங்கு."