ஊரில் இல்லாதவன் போட்ட டீ

“எண்பத்தேழாம் எண், ஊரில் இல்லை” என்று பேராசிரியர் வாசித்தபோது, எண்பத்தேழாம் எண்ணாகிய நான் அவருக்கு முன்னால் டீ வைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த சுகுணா அக்காதான் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, “வெச்சுட்டுப் போயிரு சாமி, வாயத் தொறக்காத” என்று கிசுகிசுத்தார்.

நீட்டி முழக்க எனக்குப் பொறுமை இல்லை. நடந்ததைச் சொல்லி, ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். எண்களை மட்டும் கோட்டைவிடாதீர்கள்.

என் பெயர் தரணீஷ். வயது பதினேழு. ஒன்பதாவது பாதியில் பள்ளியை விட்டேன். அப்பாவுக்குத் தறியில் கை மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான் காரணம். பள்ளிக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் பேக்கரியில் டீ போடுகிறேன். மாலை ஆறு மணிக்கு மேல் அதே பள்ளியில், என்னைப் போல் படிப்பு நின்றவர்களுக்கு ஓர் அறக்கட்டளை வகுப்பு நடத்துகிறது. மூன்று வருடமாகப் போகிறேன். வருகிற ஏப்ரலில் பத்தாவதைத் தனித்தேர்வராக எழுத வேண்டும். வகுப்பு இல்லையென்றால் எனக்குத் தேர்வும் இல்லை. பேக்கரியில் அல்ஜீப்ரா சொல்லித்தர ஆள் கிடையாது.

அந்த வகுப்பை நடத்துவதா மூடுவதா என்று முடிவு செய்யத்தான் அன்றைக்குப் பள்ளியில் கூட்டம். பேக்கரியிலிருந்து டீ கொண்டுபோனவன் நான். இரண்டு ஆய்வுகள் வந்திருந்தன.

முதலாவது பேராசிரியருடையது. நீள்தொடர் ஆய்வு என்பார்கள். ஒரே பிள்ளைகளை வருடாவருடம் பின்தொடர்ந்து அளப்பது. நாங்கள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது நூற்று நாற்பது பேருக்கு எண் கொடுத்தார்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் பள்ளிக்கு வந்து ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லிப் பிழைகளை எண்ணினார்கள். பேராசிரியர் வாசித்தார்: பதினோரு வயதில் சராசரி பதினெட்டுப் பிழை. பதினான்கில் பன்னிரண்டு. பதினேழில் ஐந்து. கடைசி வருடம் வாசித்தவர்கள் ஐம்பத்தொரு பேர்.

“பிள்ளைகள் தாங்களாகவே முன்னேறுகிறார்கள். மாலை வகுப்பு தேவையில்லை” என்றார்.

இரண்டாவது நிவேதனா மேடத்துடையது. குறுக்குவெட்டு ஆய்வு. வெவ்வேறு வயதுக்காரர்களை ஒரே நேரத்தில் அளந்து ஒப்பிடுவது. மேடம் யாரையும் பின்தொடரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று தெருவில் வீடு வீடாக ஏறி, பேராசிரியரின் அதே பக்கத்தைக் கொடுத்து, கண்ணில் பட்ட எல்லோரையும் வாசிக்கச் சொன்னார். பதினோரு வயதுப் பிள்ளைகள் ஆறு பிழை. பதினான்கு வயது, பத்து. பதினேழு வயது, பதின்மூன்று.

“வளர வளர வாசிப்பு தேய்கிறது. மாலை வகுப்பு இருந்தும் தேய்கிறது. அதனால் பயனில்லை” என்றார்.

அறக்கட்டளைக்காரர் சிரித்தார். “ரெண்டு பேரும் நேரெதிரா பேசறீங்க. மூடறதுல மட்டும் ஒத்துப்போறீங்களே!”

இன்னும் மூன்று விஷயம் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, எங்களுக்குப் பத்து வயதானபோது நோய்க்காலம். பள்ளி ஒன்றரை வருடம் பூட்டிக் கிடந்தது. போன் இல்லாத வீட்டில் படிப்பும் இல்லை. இப்போது பதினோரு வயதில் இருக்கிற வாண்டுகள் பூட்டைத் திறந்த பிறகு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள்.

அப்புறம், என் கணக்கு. பள்ளியை விடுவதற்கு முந்தின ஜனவரியில் பேராசிரியரின் ஆட்களிடம் வாசித்தேன். பதினான்கு வயது, இருபத்துமூன்று பிழை. இந்த வருடம் மேடம் வீட்டுக்கு வந்தபோது வாசித்தேன். ஒன்பது.

கடைசியாக, போன ஜனவரியில் நடந்தது. பேராசிரியருக்காக எங்கள் ஊரில் பிள்ளைகளை அளப்பவர் சுகுணா அக்கா. பேக்கரிக்கு வந்து, “தரணீசு, ஒரு டீ, சக்கரை கம்மி” என்று உட்கார்ந்து ஃபாரம் நிரப்பினார். எட்டிப் பார்த்தேன். என் எண்ணுக்கு நேரே ‘ஊரில் இல்லை’.

“ஏனுங்க்கா, நான் இங்கதான நிக்கறேன்?”

“நீ நிக்கறது எனக்குத் தெரியாதா சாமி? ஃபாரத்துல மூணே கட்டம்தான். வந்தார், இறந்தார், ஊரில் இல்லை. பள்ளிக்கூடத்துக்குள்ள வந்து வாசிச்சாத்தான் வந்தாருன்னு போடலாம். பள்ளிக்கூடத்த விட்டவனுக்குக் கட்டமே இல்ல. செத்துட்டான்னா போடட்டும்?”

நான் போட்ட டீயைக் குடித்துக்கொண்டேதான் இதைச் சொன்னார். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்.

இப்போது கேட்கிறேன். பேராசிரியர் பொய் சொல்லவில்லை. மேடமும் பொய் சொல்லவில்லை. ஒரே ஊர், ஒரே பக்கம். வளர வளர நாங்கள் முன்னேறினோமா, தேய்ந்தோமா? இருவரில் யார் சொன்னது சரி?

விடை: இருவருமே சரியாக அளந்தார்கள், தப்பாகச் சொன்னார்கள். பேராசிரியரிடம் பதினேழு வயதுக்கு ஐந்து பிழை, மேடத்திடம் பதின்மூன்று. அந்த வித்தியாசம் நாங்கள்தான், பள்ளியை விட்டதும் பட்டியலிலிருந்து கழன்ற எண்பத்தொன்பது பேர். தடுமாறியவர்களைக் கழித்துவிட்டால் மீதி நன்றாகத்தான் வாசிக்கும். மேடமோ எங்களையும் அளந்தார். ஆனால் இன்றைய பதினோரு வயதுதான் எங்கள் பழைய பதினோரு வயது என்று நினைத்துவிட்டார். அந்த வயதில் எங்களுக்குப் பதினெட்டுப் பிழை, இவர்களுக்கு ஆறு. நாங்கள் தேயவில்லை, நோய்க்காலப் பூட்டால் பின்னால் இருந்து கிளம்பியவர்கள். வகுப்பால் பயன் உண்டா என்று கேட்டால், பள்ளியை விட்டவர்களைத் தேடிப் போய் அதே ஆட்களை மறுபடி வாசிக்கச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். அப்படி இரண்டு நோட்டிலும் இருக்கிறவன் அந்த அறையில் ஒருவன்தான் இருந்தான், இருபத்துமூன்றிலிருந்து ஒன்பது. சொன்னேன். “தம்பி, ஒருத்தன வெச்சு முடிவு பண்ண முடியாது” என்றார் பேராசிரியர். “ஒருத்தன் இல்லீங்க, எண்பத்தொம்பது பேரு. எல்லாரும் ஊர்லதான் இருக்கறோம்” என்றேன். மாதக் கடைசியோடு வகுப்பைப் பூட்டுவது என்று முடிவு செய்தார்கள். டீயை வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தார்கள். வைத்தேன். போகவில்லை.